காலி நிலம், நாலு ஏக்கர்

உப்பளம்,
புதுச்சேரி.
10.6.2007, ஞாயிறு

துர்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நேற்று வாங்கிய செல்போனிலிருந்து என் வீட்டு லேண்ட்லைனுக்கே ஒரு போன் போட்டேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். கூடத்தில் மணி அடித்தது. நாலு முறை அடிக்க விட்டுவிட்டுப் போய் எடுத்து "ஹலோ" என்றேன். இன்னொரு காதில் என் ஹலோவே கொஞ்சம் தாமதமாக வந்து விழுந்தது. இரண்டையும் வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச்சில் பஸ் ஸ்டாண்டில் வைத்து நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "போன் பண்ணாத வேணி, எடுக்க மாட்டேன். எழுது. கோபம் தணிஞ்சா பதில் போடறேன்." அந்தப் பேச்சை மீறாமல் மூன்று மாதம் இருந்தேன். எழுதவும் இல்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

திட்டத்தின் வரைவு முடிந்துவிட்டது. 'புதுச்சேரி 2027' என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மில்லுகள் போன பிறகு இந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கும், எந்தத் தெரு எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும், எங்கே ஓட்டல் வரும், எங்கே கம்ப்யூட்டர் கம்பெனி வரும் என்று இருபது வருடத்துக்கும் சொல்லியாயிற்று. சென்னையிலிருந்து வந்த கன்சல்டன்டுகள் கலர் கலராக வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். கணக்கும் வார்த்தையும் நம்முடையவை. எனக்கு இப்போது நாற்பத்து நாலு வயது. திட்டம் முடியும்போது அறுபத்து நாலு. ஏழாம் அட்டவணையில் 'ஒரு நபர் குடும்பங்கள்' என்று ஒரு வரி வருகிறது. இன்று இத்தனை, 2027இல் இத்தனை என்று. அந்த எண்ணைத் தட்டச்சு செய்தபோது இரண்டு பத்தியிலும் நான் இருக்கிறேன் என்று தோன்றியது.

நான்காம் பின்னிணைப்பு நம்முடையது. பிரெஞ்சுக்கால நிலப் பதிவேடுகளின் தமிழாக்கம். கடைசித் தாளில் 'தயாரித்தவர்: கமலவேணி. ஒப்பு நோக்கியவர்: துர்கா' என்று நம் கையெழுத்துகள் அருகருகே இருக்கின்றன. மத்தியானங்களில் நான் பிரெஞ்சில் உரக்கப் படிப்பேன், நீ தமிழ்ப் படியில் விரலை வைத்து வரி வரியாக நகர்த்துவாய். விரல் நின்றால் நானும் நிற்க வேண்டும். இப்போது என் எதிரில் ஒரு பிரிண்டரை வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் பெரிய மார்க்கெட்டில் உன் மகள் குழலியைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "நீங்களே எழுதிக் கேளுங்க பெரிம்மா" என்று சொல்லிவிட்டுப் பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

வேணி


ஏனாம்.
20.6.2007

வேணி,

கோபம் தணியவில்லை. ஆனாலும் பதில் போடுகிறேன், ஏனென்றால் இங்கே தமிழில் திட்டக்கூட ஆள் கிடையாது.

எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கோதாவரி வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அதன் கரையில் போய் நின்றால் நம் கடலைப் போல ஒரு சத்தமும் போடாமல் அது பாட்டுக்குப் போகிறது. புதுச்சேரி அரசாங்கத்தின் ஊர்தான், போலீஸ்காரருக்கு நம் ஊர்ச் சிவப்புத் தொப்பிதான், ஆனால் நம் ஊர் எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, சுற்றிலும் ஆந்திரா. அந்தச் சிவப்புத் தொப்பியைக் கண்டால் மட்டும் ஒரு நொடி மனசு லேசாகும். அப்புறம் அவர் தெலுங்கில் பேசிவிடுவார்.

வந்த முதல் நாள் எழுத்தர் இராமதாஸ் என்னைப் பார்த்து "செப்பண்டி மேடம்" என்றார். செருப்பைக் கழற்றச் சொல்கிறார் என்று நினைத்து வாசலில் கழற்றிவிட்டு வந்து நின்றேன். சொல்லுங்கள் மேடம் என்று அர்த்தமாம். மூன்று மாதமாகியும் நான் உள்ளே நுழைந்தால் எல்லாரும் என் காலைத்தான் பார்க்கிறார்கள்.

குழலிக்கு வருகிற மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. அவள் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். மில் மூடியதிலிருந்து பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்டு. பெண் தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு படிக்கிறாள். கலியமூர்த்தி போனில் "நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்" என்கிறார். அப்படிச் சொல்லும்போதே கொட்டாவி விடுகிறார். மாற்றல் மனு கொடுத்திருக்கிறேன். அக்டோபரில் ஆர்டர் போடலாம் என்று தகவல். என் பேரில் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தால்.

இப்போது நான் கேட்கிறேன். ஏனாமுக்கு நம் இருவரில் ஒருவர் போக வேண்டும் என்று ராஜாங்கம் சார் அறையில் பேச்சு வந்த அன்று நான் லீவு. குழலிக்கு அம்மை போட்டிருந்தது. நீ மட்டும்தான் அந்த அறையில் இருந்தாய். மறுநாள் ஆர்டர் என் பெயரில் வந்தது. அவர் உன்னிடம் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய்?

சுற்றி வளைக்காமல் எழுது.

துர்கா


உப்பளம்.
8.7.2007, ஞாயிறு

துர்கா,

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் இல்லை. கொஞ்சம் பொறு.

வெள்ளிக்கிழமை திட்டத்தின் மேல் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மேடையில் ராஜாங்கம் சார், கன்சல்டன்டுகள் இரண்டு பேர், ஓரத்தில் கேள்விகளைக் குறித்துக்கொள்ள நான். வியாபாரிகள் வண்டி நிறுத்த இடம் கேட்டார்கள். ஒரு பேராசிரியர் இருபது நிமிடம் பேசினார். எல்லாருக்கும் டீ கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். பெயர் அஞ்சலாட்சி, வைத்திக்குப்பம், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர் என்று பிறகு குறித்துக்கொண்டேன்.

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்துக்கு நேராக நடந்து வந்து, குப்பத்துக்கு வடக்கே மஞ்சள் அடித்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். உனக்கு நினைவிருக்கும். 'பயன்பாடற்ற நிலம், நாலு ஏக்கர்.' முதல் கட்ட வேலையே அங்கேதான். கடற்கரை நடைபாதை, கார் நிறுத்தம், ஓட்டல்.

"இது காலியா? யாரு எழுதுனது காலின்னு? இங்கதான் வல பிரிக்கிறோம், மீனு காயவைக்கிறோம், போட்டுங்கள ஏத்துறோம். பத்து மணிக்கி நாங்க கூடைய தூக்கிக்கினு மார்க்கெட்டுக்குப் போயிடறோம். நீங்க பதினோரு மணிக்கி வந்து பாத்துட்டு காலின்னு எழுதிக்கினு போயிட்டீங்க. ஞாயித்துக்கெழம உங்க ஆபீசும் காலியாத்தான் கெடக்குது. அதையும் ஓட்டலுக்குக் குடுத்துடறதுதான?"

கூடம் சிரித்தது. ராஜாங்கம் சாரும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எழுந்து படித்தேன். 1937ஆம் வருடப் பதிவில் அது வேலைநிறுத்தத்தால் கைவிடப்பட்ட நிலம் என்று இருக்கிறது, மில்லுக்குச் சாய நூல் காயவைக்கும் களமாக இருந்திருக்கலாம், பிறகு யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. அந்த அம்மா நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "எங்க கரையில என்னிக்கிமா மில்லு இருந்துது?" என்றார். அதட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலிருந்தது. நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். எதையும் எழுதவில்லை, பேனாவை மட்டும் நகர்த்தினேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த பிறகும், பதிவேட்டில் உள்ளதைத்தானே படித்தேன் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேணி


ஏனாம்.
15.7.2007

வேணி,

பொறுக்கிறேன். எத்தனை நாள் என்று மட்டும் சொல்.

அந்த அம்மா நன்றாகக் கேட்டிருக்கிறார். என்னைக் கேட்டால் அவரையே கன்சல்டன்டாக வைத்துக்கொள்ளலாம், சம்பளமும் மிச்சம்.

இங்கே என்னை உட்கார வைத்திருக்கும் வேலையும் அதேதான். பழைய பதிவேடுகளைத் தெலுங்குக்கு மாற்றுகிறார்கள். பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் தமிழில் சொல்ல, பாதி தமிழ் தெரிந்த இராமதாஸ் தெலுங்கில் எழுதுகிறார். பிழை வந்தால் எந்த ஊரில் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரு வேடிக்கை. ஆற்றோரப் பதிவுகளில் பக்கத்துக்குப் பக்கம் பிரெஞ்சுக்காரன் 'கிரேவ்' என்று எழுதி வைத்திருக்கிறான். இங்கே ஒரு கிரேவ், அங்கே ஒரு கிரேவ். நாணல் மண்டிக் கிடக்கும் திட்டில் யார் ஸ்டிரைக் பண்ணியது, கொக்கா? அந்தக் காலத்தில் இங்கே மில் ஏதாவது இருந்ததா என்று இராமதாஸைக் கேட்டேன். அவருக்குத் தெரிந்து கிடையாதாம். சர்வே எண்ணை வைத்துக்கொண்டு நேரிலேயே கூட்டிப்போனார். போனால் வெறும் மணல். மாடு குளிப்பாட்டுகிறார்கள், பரிசல் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமும் உண்டு போல. என் கையகல அகராதியில் ஸ்டிரைக் மட்டும்தான் இருக்கிறது. உன்னிடம் அந்தத் தடிப் புத்தகம் இருக்கிறதே, அதைப் பார்த்து எழுது. நம் வீடுகளில் கிரேவு என்றால் ஒன்றுதான். "கிரேவு அன்னிக்கி சோறு இல்ல" என்று என் அப்பா சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றும் பசிக்கிறது.

குழலி காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் நான் வந்துவிடுவேனா என்று கேட்டாள். அக்டோபர் என்றேன். "அக்டோபர்ல எத்தனாம் தேதி?" என்கிறாள்.

துர்கா


உப்பளம்.
22.7.2007, ஞாயிறு

துர்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மாடு குளிப்பாட்டும் இடத்தைப் படித்ததுமே அங்கேயே நிறுத்திவிட்டு அகராதியைத் தேடிப் போனேன். நீ இன்னும் அந்த மணலையும் வைத்திக்குப்பத்தையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. நான் சேர்த்துப் பார்த்துவிட்டேன்.

தடி அகராதியில் 'கிரேவ்' என்பதற்கு முதல் அர்த்தமே கடலோரத்து, ஆற்றோரத்து மணற்கரை. வேலைநிறுத்தம் இரண்டாவதாகத்தான் வருகிறது. அகராதி என் மேசையில்தான் இருந்தது. நாம் அதைத் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த வார்த்தைக்கு யார் அகராதி பார்ப்பார்கள்?

வெள்ளிக்கிழமை ஆவண அறைக்குப் போய் அந்தப் பதிவேட்டை மறுபடியும் எடுத்தேன். வைத்திக்குப்பம் பற்றிய வரி ஒரு பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. 'தெரேன் லெசே ஆன் கிரேவ்.' மணற்கரையாக விடப்பட்ட நிலம். அதன் பின்னால் முற்றுப்புள்ளி கிடையாது. அடுத்த தாள் இதனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்கேலை நுழைத்து மெதுவாகப் பிரித்தேன். அந்தத் தாளின் முதல் வரி, 'மீனவர்களின் பொதுப் பயன்பாட்டுக்கு.' அவ்வளவுதான். எழுபது வருடத்துக்கு முன்னாலேயே ஒரு வெள்ளைக்காரன் அங்கே போய்ப் பார்த்து, இது இவர்களுடையது என்று எழுதி வைத்திருக்கிறான். நாம் அதைக் காலி நிலம் ஆக்கியிருக்கிறோம்.

வேறு யாராவது மொழிபெயர்த்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. வாத்தியார் வீட்டுப் பெண்ணோ, வக்கீல் வீட்டுப் பெண்ணோ அகராதி பார்த்திருப்பாள். 1937 என்ற வருடத்தைப் பார்த்ததும் நம் இருவருக்கும் நம் தாத்தாக்கள் வேலைநிறுத்தம் செய்து நின்ற மில் வாசல்தான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று உன் விரல் அந்த வரியில் நின்றது. "கிரேவ்னா கிரேவுதானா வேணி? கடக்கரையில ஏது?" என்று கேட்டாய். "நம்ம ஆளுங்க பண்ண கிரேவுதாண்டி" என்றேன். நீ விரலை நகர்த்தினாய்.

திருத்தக் குறிப்பு எழுதப் போகிறேன். உன் மாற்றல் கெட்டுவிடக் கூடாது. அதனால் ஒரு வழி யோசித்திருக்கிறேன். அந்தப் பகுதியை நான் மட்டுமே செய்ததாகவும், வேலை அவசரத்தில் மூலத்தைப் பார்க்காமல் நீ கையெழுத்து மட்டும் போட்டதாகவும் எழுதிவிடுகிறேன். குற்றம் என்னோடு போகும். நீ சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

வேணி


ஏனாம்.
29.7.2007

வேணி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் முறை படித்ததும் கோபம் வந்தது.

என்னை என்னவென்று எழுதப் போகிறாய்? பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் என்றா? பத்தொன்பது வருட சர்வீஸில் பார்க்காமல் ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஆபீசில் எனக்கு இருக்கும் ஒரே பெருமை அதுதான். உனக்குப் பி.ஏ. பிரெஞ்சு. நான் மாலை வகுப்பில் கற்றுக்கொண்டவள். அதனால்தான் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தேன். நான் கேட்டேன் என்று நீயே எழுதுகிறாய். கேட்டவளைக் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டவளாக மாற்றுவதுதான் நீ எனக்குச் செய்யும் உதவியா?

ஒன்று, உள்ளதை உள்ளபடி எழுது, இரண்டு பேர் பெயரும் போட்டு. இல்லாவிட்டால் எழுதாதே.

ஆனால் இப்போது எழுதாதே. இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். அக்டோபர் வரைக்கும் பேசாமல் இரு. ஆர்டர் கையில் வந்து, நான் ஊருக்கு வந்து சேர்ந்த மறுநாள், நாம் இருவருமாகவே போய் ராஜாங்கம் சாரிடம் சொல்லலாம். இப்போது மெமோ வந்தால் மாற்றல் நின்றுவிடும். அது உனக்கே தெரியும். இருபது வருடத் திட்டம்தானே வேணி, இரண்டு மாதம் பொறுக்காதா? நேற்று குழலி போனில் அழவில்லை. போன மாதமெல்லாம் அழுவாள். இப்போது அழுவதை விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னை இங்கே அனுப்பியது நீயா என்று கேட்டேன். ஒன்றரை மாதம் ஆகிறது, பதில் இல்லை. இப்போது என்னை இங்கேயே வைக்கப் போகிறவளும் நீதான் என்றால் அதையாவது முன்கூட்டிச் சொல்.

துர்கா


உப்பளம்.
12.8.2007, ஞாயிறு

துர்கா,

இரண்டு வாரம் நீ சொன்னபடி இருந்து பார்த்தேன். அக்டோபருக்கு எத்தனை நாள் என்று எண்ணினேன். ஆபீசில் எல்லாரும் என்னிடம் வழக்கம்போலவே பேசினார்கள், நானும் பேசினேன். ஒரு பொய்யைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனேன். வேண்டுமென்றுதான் போனேன் என்று நினைக்கிறேன். அஞ்சலாட்சி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னிக்கி மேடையில எழுதிக்கினே இருந்தது நீதான? தலையே தூக்கல."

ஆமாம் என்றேன். சங்கரா எடுத்துச் செதில் சீவிக்கொண்டே பேசினார். குப்பத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் படகுகளை எடுத்து வடக்கே ஆறு கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். "போட்டு அங்க, வூடு இங்க. காத்தால நாலு மணிக்கி எதுல போவறது, உன் ஸ்கூட்டிலயா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "படிச்ச பொண்ணு, நீ சொல்லு. எங்க ஆளுங்க கோர்ட்டுக்குப் போலாம்னு சொல்றாங்க. கோர்ட்டுல என்னா காட்டறது? எங்ககிட்ட ஒரு சீட்டும் கெடையாது" என்றார்.

சீட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த அலமாரி, எந்தத் தட்டு, எத்தனையாவது தாள் என்று தெரியும். "பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"வூட்டுல எத்தினி பேரு?" என்று கேட்டார்.

"நான் ஒருத்திதான்."

எடுத்து வைத்திருந்த மீனை ஒதுக்கிவிட்டு, சின்னதாக இரண்டைப் பொறுக்கி எடுத்து, "அப்ப இது போதும் உனக்கு" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பேச்சு கூடவே வந்தது. இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

அன்று ராஜாங்கம் சார் என்னிடம்தான் முதலில் கேட்டார். "நீங்க தனி ஆளுதான, கமலவேணி. நீங்க போயிட்டு வந்துடுங்களேன்" என்றார். தேர்தல் வேலைக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வெள்ள நிவாரணத்துக்கும் அதைச் சொல்லித்தான். தீபாவளிக்கு முந்தின நாள் ஆபீசைப் பூட்ட இருப்பவளும் தனி ஆள்தான். என்றைக்கும் மறுக்காதவள் அன்று மறுத்தேன். "தனி ஆளுன்னா எல்லாத்துக்கும் நானா சார்? துர்காவுக்காவது போனா நினைச்சுக்க வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க. நான் போனா நான் இல்லன்னு தெரியக்கூட இங்க ஆள் இல்ல" என்றேன். இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். அவர் சரி என்று உன் பெயரை எழுதினார். குழலிக்கு அம்மை போட்டிருந்தது எனக்குத் தெரியும்.

சொன்னதில் பொய் இல்லை என்று ஐந்து மாதமாக எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன். பொய் இல்லைதான். உன்னை அனுப்பியதும் நான்தான்.

பதினேழாம் தேதி டெண்டர் விளம்பரம் பத்திரிகையில் வருகிறது. அது வந்துவிட்டால் மஞ்சள் அடித்த நாலு ஏக்கர் வெறும் வார்த்தையாக இருக்காது, துர்கா. அதன் மேல் யாரோ பணம் கட்டியிருப்பார்கள். அப்புறம் நாம் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றாலும், பார்க்கலாம் என்றுதான் சொல்வார்கள். இருபது வருடத் திட்டம் இரண்டு மாதம் பொறுக்கும், நீ சொல்வது சரி. முப்பத்தொன்றாம் தேதி பொறுக்காது.

குறிப்பை எழுதிவிட்டேன். மூன்று பக்கம். இரண்டு தாள்களின் நகலையும் இணைத்திருக்கிறேன். நீ சொன்னபடி இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. தயாரித்தவர் கமலவேணி. ஒப்பு நோக்கியவர் துர்கா. இந்தச் சொல்லின் மேல் ஒப்பு நோக்கியவர் ஐயம் எழுப்பினார், தயாரித்தவர் அதைத் தள்ளினார், இருவரும் அகராதி பார்க்கவில்லை. அந்த வரியை நாலு முறை திருத்தி எழுதினேன். அதற்கு மேல் உண்மையாகவும் எழுத முடியவில்லை, உனக்கு நல்லதாகவும் எழுத முடியவில்லை. உனக்கு மெமோ வரும். ஒரே ஒரு ஆறுதல், விசாரிக்க வேண்டுமென்றால் உன்னை இங்கே வரவழைத்துத்தான் ஆக வேண்டும்.

அதனோடு இன்னொரு தாளும் இருக்கிறது. ஏனாம் பணியிடத்துக்கு என்னை மாற்றும்படியும், அங்கே இருப்பவரைப் புதுச்சேரிக்கு விடுவிக்கும்படியும் கேட்டு எழுதியிருக்கிறேன். விசாரணை எப்படி முடிந்தாலும் அந்த நாற்காலிக்கு ஓர் ஆள் வேண்டும். அங்கே போக விருப்பம் தெரிவித்து இதுவரை ஒருவரும் மனு கொடுத்ததில்லை. அதனால் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு எழுதவில்லை. அந்த ஆற்றோரப் பதிவுகளையும் யாராவது அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படிக்க வேண்டும். இந்த முறை என்னைத் தனி ஆள் என்று சொல்லி யாரும் அனுப்பவில்லை. நானே எழுதிக் கேட்டிருக்கிறேன். எழுதி முடித்தபோது பயமாகத்தான் இருந்தது.

நீ மன்னிக்க வேண்டாம். குழலியிடம் தேதி மட்டும் இப்போதே சொல்லிவிடாதே. அக்டோபரை நம்பியிருப்பவள் இன்னொரு தேதியையும் நம்பி ஏமாறக் கூடாது.

நாளைக் காலை பத்து மணிக்கு இரண்டையும் ராஜாங்கம் சார் மேசையில் வைப்பேன். வைத்த பிறகுதான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவேன். அதனால் இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும், நீ வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அவருக்கு இன்னும் தெரியாது. அஞ்சலாட்சிக்கும் தெரியாது. உனக்கும் இன்று தெரியாது. இன்று ஒரு நாள் இதை நான் மட்டும் வைத்திருப்பேன்.

வேணி